கேப்டன் டெரன்ஸின் கால்

சேசு மரி சூசை

ஆவடி,
11-10-1987

அன்புள்ள அத்தைக்கு, ஞானகுமாரி எழுதிக்கொள்வது.

அத்தை, இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். படித்ததும் கிழித்து மடத்து அடுப்பில் போட்டுவிடுங்கள். முக்கியமாக உங்கள் மதர் சுப்பீரியர் கண்ணில் படவே கூடாது. போன லீவில் நான் அங்கே வந்திருந்தபோது சாம்பாரில் கத்தரிக்காயை ஒதுக்கினேன் என்று அவர் பார்த்த பார்வை இன்னும் என் கனவில் வருகிறது.

சமையலறைத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். லைட் போட்டால் அப்பா விழித்துக்கொள்வார். மாதா சுரூபத்துக்கு ஏற்றி மிச்சமான மெழுகுவர்த்தியைத்தான் வைத்திருக்கிறேன். இது பாவமா என்று அடுத்த கடிதத்தில் சொல்லுங்கள்.

அம்மா மஸ்கட் ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பிய அன்று நீங்களும் ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தீர்கள். அப்பா பைபிள் மேல் கை வைத்து, "இனிமே கிண்டி ரேஸ் கோர்ஸுல கால் வைக்க மாட்டேன், எந்தக் குதிரை மேலயும் காசு கட்ட மாட்டேன்" என்று சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். "வச்சார்னு தெரிஞ்சா ஞானத்தைத் திண்டிவனத்துல உங்க ஹாஸ்டல்ல சேர்த்துடுவேன் அண்ணி" என்று அம்மா உங்களிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது. அம்மாவின் சங்கிலி எந்தக் குதிரையோடு ஓடிப் போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கோயிலில் நான் முதல் நன்மை வாங்கிய அன்று பூசை முடிந்து கேக் வெட்டிய பிறகுதான் அப்பா கிண்டியிலிருந்து வந்தார். அதனால் அம்மா சொன்னதில் தப்பில்லை. உண்மையை மாதாமாதம் உங்களுக்கு எழுத வேண்டும் என்று என்னையும் சத்தியம் பண்ண வைத்தார்கள்.

எனக்கு ஹாஸ்டல் வேண்டாம் அத்தை. அப்பாவை விட்டுவிட்டு என்னால் இருக்க முடியாது. அவருக்கு ரசம் வைக்கத் தெரியாது. என் ஜடையைப் பின்னத் தெரியும், அதுவும் குதிரைக்குப் பின்னுவது போல இறுக்கிப் பின்னுவார்.

உண்மை இதுதான். அப்பா கிண்டிக்குப் போகவில்லை. போன சீசன் முழுவதும் தனக்குப் பதிலாக உத்தமன் அண்ணனைத்தான் அனுப்பினார், அதுவும் காசு கட்ட இல்லை, பார்த்துவந்து சொல்ல. உத்தமன் அண்ணன் அப்பாவோடு ஃபேக்டரியில் லேத்தில் வேலை செய்பவர், வீடு மண்ணூர்பேட்டை. சனிக்கிழமை சாயந்திரம் அவர் சைக்கிளில் வந்து ரேஸைச் சொல்வார். அப்பா நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். இப்படித்தான் நடக்கும்:

"மூணாவது ரேஸு என்ன ஆச்சு உத்தமா?"

"ஓட்ச்சிங்கோ பாஸ்கலு. அல்லாம் ஓட்ச்சிங்கோ. அதுல ஒண்ணு மொதல்ல வந்துச்சி."

"எது?"

"செவப்பா ஒண்ணு."

"ஜாக்கி எந்தப் பக்கமா கொண்டு வந்தான்? உள்ளயா, வெளியயா?"

"அத்தெல்லாம் யாரு மாமே பாத்தது? எம் முன்னால ஒர்த்தன் தலப்பா கட்டிகினு குந்திகினு இருந்தான்."

அப்பா கண்ணைத் திறந்து பெருமூச்சு விடுவார். பசித்தவனுக்கு வெறும் இலையைப் போட்ட மாதிரி இருக்கும் அவர் முகம். இந்த வருஷம் அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். ஒரு ஆளை அனுப்பினால் போதாதாம். பத்துப் பேரை அனுப்பினால் அதில் ஒருவராவது ஒழுங்காகப் பார்த்துவந்து சொல்வாராம். அதனால் நம் குவார்ட்டர்ஸில் ரேஸையே தெரியாதவர்களாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

அவர் போகவில்லை, ஆனால் தெருவே போகப் போகிறது. இது வாக்கு மீறியதில் சேருமா? 

பதிலை வீட்டு விலாசத்துக்குப் போடாதீர்கள். என் ஸ்கூலுக்கு, கஸ்தூரி டீச்சர் மேற்பார்வை என்று எழுதுங்கள். டீச்சர் பிரிக்க மாட்டார்.

உங்கள் பாசமுள்ள
ஞானம்


திண்டிவனம்,
19-10-1987

அன்பு மகள் ஞானகுமாரிக்கு ஆண்டவரின் சமாதானம் உண்டாவதாக.

உன் கடிதம் கிடைத்தது. மெழுகுவர்த்தி பாவமில்லை. ஆனால் முடியைக் கட்டிக்கொண்டு எழுது, தீப்பிடித்துவிடப் போகிறது.

ஒரு விஷயம் உனக்குத் தெரியாமல் போய்விட்டது. எங்கள் மடத்துக்கு வரும் கடிதங்களையெல்லாம் மதர் பிரித்துப் படித்த பிறகுதான் எங்களிடம் கொடுப்பார். உன் கடிதத்தையும் படித்தார். கத்தரிக்காய் பற்றிய வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். பயப்படாதே. அவர் முக அமைப்பே அப்படி.

உன் அப்பா செய்வது சரியா என்று கேட்டிருக்கிறாய். பாஸ்கல் என் தம்பி. சின்ன வயதில் "மாங்காய் மரத்தில் ஏறாதே" என்றால் ஏற மாட்டான். பக்கத்து வீட்டுப் பையன்களை ஏற்றிவிட்டுக் கீழே நின்று "இடதுபக்கக் கிளை, இடதுபக்கக் கிளை" என்று கத்துவான். அவன் வாக்கை மீறவில்லை என்றுதான் இப்போதைக்குத் தோன்றுகிறது. ஆனாலும் மற்றவர்களைக் கெடுப்பது நல்லதல்ல. நடப்பதை மறைக்காமல் எழுது. உன் அம்மா கேட்டால் நான் பதில் சொல்லியாக வேண்டும்.

மதர் ஒன்று கேட்கச் சொன்னார். ரேஸே தெரியாத ஒருவரை உன் அப்பா எப்படிப் பேசி இழுக்கிறார்? மடத்துக்குப் பெண்பிள்ளைகளை அழைக்கும் வேலைக்கு உதவுமாம்.

ஜெபத்துடன்,
சிஸ்டர் தெரசித்தா


சேசு மரி சூசை

ஆவடி,
1-11-1987

அன்புள்ள அத்தைக்கு,

மதர் படிக்கிறார் என்று தெரிந்ததிலிருந்து ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்துப் பார்க்கிறேன். மதருக்கு என் ஸ்தோத்திரம். கத்தரிக்காய் இப்போது சாப்பிடுகிறேன்.

அப்பா எப்படிப் பேசுகிறார் என்று கேட்டிருந்தீர்கள். எழுதவே பயமாக இருக்கிறது, ஏனென்றால் அவர் எல்லாவற்றையும் ஜெபமாலையில் வைத்துத்தான் செய்தார்.

அக்டோபர் ஜெபமாலை மாதம் அல்லவா? தினமும் சாயந்திரம் மாதா சுரூபம் ஒரு வீட்டுக்குப் போகும். எல்லா வருஷமும் பெண்களும் நாங்களும்தான் முட்டி போட்டுச் சொல்வோம். ஆண்கள் வெளியே நின்று பீடி குடித்துவிட்டு, சுண்டல் கொடுக்கும்போது உள்ளே வருவார்கள். இந்த வருஷம் சுண்டல் நேரத்தில் அப்பா நடுவில் உட்கார்ந்துகொண்டு சும்மா சொல்வது போல ஆரம்பித்தார்: "ஒரு நல்ல பொண்ணு இருக்கு. அம்மா வழி இங்கிலாந்து. அப்பா பூனா. கூடப் பொறந்த ரெண்டு அண்ணனும் நல்ல நிலையில இருக்காங்க."

லூர்தம்மாள் பெரியம்மாவை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? நம் கோயில் பங்கில் பாதிக் கல்யாணம் அவர் பேசி முடித்ததுதான். உடனே சுண்டல் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"பொண்ணுக்கு என்ன வயசு பாஸ்கல்?"

"நாலு."

"நாலா?"

"குதிரைக்கு நாலுன்னா நமக்கு இருபது அக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மா வழியில யாருக்காவது மூச்சு வாங்குற சீக்கு இருக்கா?" என்று கேட்டார். அவ்வளவுதான் அத்தை. அன்றிலிருந்து தினமும் ஒரு குதிரைக்கு வம்சம் விசாரிக்கிறார்கள். "அவங்க தாத்தாவே கடைசி நேரத்துல பின்வாங்குற ஆளு, வேணாம்" என்று பெரியம்மா ஒரு குதிரையைத் தள்ளிவிட்டார். கேப்டன் டெரன்ஸ் என்று ஒரு குதிரைக்கு மட்டும், "குடும்பம் கௌரவமான குடும்பம்" என்று சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா என்னிடம் சொன்னார்: "புது ஆளை ரேஸுக்குக் கொண்டு வரணும்னா காசைப் பத்திப் பேசவே கூடாது ஞானம். பயந்து ஓடிடுவாங்க. சொந்தபந்தத்தைப் பத்திப் பேசணும். நம்ம ஜனம் அதுக்குத்தான் உட்காரும்."

ராயப்பன் சாருக்கு மட்டும் வேறு மாதிரி. அவர் எங்கள் கணக்கு சார். போன முறை ஜெயித்த குதிரையின் முதுகில் கூடுதல் எடை ஏற்றித்தான் ஓட விடுவார்கள் என்று அப்பா அவரிடம் சொன்னார். சார் எழுந்து நின்றுவிட்டார். "அப்படின்னா நல்லா படிக்கிற பையனுக்குக் கஷ்டமான கணக்கு, சுமாரா படிக்கிறவனுக்கு ஈஸி கணக்கு! இதைத்தான்யா நான் இருபது வருஷமா ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்றேன்!" பெயர் அப்படி இருந்தாலும் அவர் இந்து. ஆனால் இப்போது ஜெபமாலைக்கு முதல் ஆளாக வந்து அருள்நிறை மந்திரம் தப்பில்லாமல் சொல்கிறார்.

நம் புதுப் பங்குச் சாமியார் ஃபாதர் அருள்தாஸ் ஒரு நாள் திடீரென்று வந்து பார்த்தார். வீடு நிறைய ஆண்கள் முட்டி போட்டிருந்தார்கள். அவர் கண் கலங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், "பாஸ்கல் என்ற ஒரு எளிய தொழிலாளி இந்தப் பங்கில் பக்தியை மூட்டியிருக்கிறார்" என்று பேரைச் சொல்லிப் புகழ்ந்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். நான் பெஞ்சுக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன்.

நேற்றோடு ஜெபமாலை மாதம் முடிந்தது. ஆனால் ஆண்கள் விடவில்லை. "நவம்பர் உத்தரிக்கிற ஆத்துமாக்கள் மாசம் சாமி, செத்துப்போனவங்களுக்கு யார் ஜெபிப்பா?" என்று கூட்டமாகப் போய்க் கேட்டார்கள். சாமியார் சந்தோஷத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். இந்த மாதம்தான் அத்தை கிண்டியில் சீசன் ஆரம்பம்.

பயத்துடன்,
ஞானம்


திண்டிவனம்,
9-11-1987

அன்பு ஞானத்துக்கு,

உன் கடிதத்தை மதர் படித்துவிட்டு இரவு ஓய்வு நேரத்தில் எல்லா சிஸ்டர்களுக்கும் சத்தமாக வாசித்தார். ஜெபத்தை எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு உதாரணமாக வாசிப்பதாகத்தான் சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வாசித்து முடித்தார். பிறகு சமையல் பார்க்கும் வயதான சிஸ்டர், "அந்தத் தாத்தா பின்வாங்கிய குதிரை பாவம், அதுக்கு என்ன தெரியும்" என்றார். அதற்கு இன்னொரு சிஸ்டர், வளர்ப்புதான் முக்கியம், வம்சம் இல்லை என்றார். வாக்குவாதம் ஆகிவிட்டது. மணி அடித்து மௌனம் கொண்டுவர வேண்டியிருந்தது.

இந்த மாதிரி விஷயங்களை இனி எழுதாதே. எழுதுவதாக இருந்தால் முழுவதும் எழுது. கேப்டன் டெரன்ஸின் அம்மா பெயர் என்ன என்று நீ குறிப்பிடவே இல்லை. மதர் கேட்கிறார்.

உன் அப்பா இன்னும் கிண்டியில் கால் வைக்கவில்லைதானே?

அன்புடன்,
அத்தை


சேசு மரி சூசை

ஆவடி,
25-11-1987

அன்புள்ள அத்தைக்கு,

பெரிய ஆபத்து வந்துவிட்டது. முதலில் இருந்து சொல்கிறேன்.

சீசன் தொடங்கிவிட்டது. சனிக்கிழமையானால் நம் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு கூட்டம் கிளம்புகிறது, வேளாங்கண்ணிக்குப் போவது போல சாப்பாடு கட்டிக்கொண்டு. திரும்பி வந்து நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். அப்பா நாற்காலியில் கண்ணை மூடித் தயாராக உட்கார்ந்திருப்பார்.

ஆனால் பாவம் அத்தை, ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ராயப்பன் சார் ஐம்பத்தாறு கிலோ, ஐம்பத்து மூன்றரை கிலோ என்று எடையை மட்டும் சொல்கிறார். லூர்தம்மாள் பெரியம்மா, குதிரை ஓட ஆரம்பித்ததும் கண்ணை மூடி மாதாவை வேண்டிக்கொண்டாராம், திறந்தபோது எல்லாம் முடிந்துவிட்டதாம். உத்தமன் அண்ணன் இந்த முறை தலைப்பாகைக்காரனுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். "நல்லா தெரிஞ்சுதா?" என்று அப்பா ஆவலாகக் கேட்டார். "சோக்கா தெரிஞ்சுது மாமே. ஒரே புழுதி." அப்பா அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்குள் கேப்டன் டெரன்ஸுக்குப் பயிற்சி ஓட்டத்தில் கால் பிசகிவிட்டது என்று செய்தி வந்தது. பெரியம்மாவுக்குத் தூக்கமே இல்லை. தான் பார்த்து வைத்த வரன் இல்லையா? நம் கோயில் வாசலில் மன்றாட்டுப் பெட்டி இருக்கிறது. நோயாளிகள் பெயரை எழுதிப் போட்டால் ஞாயிறு பூசையில் சாமியார் வாசிப்பார். பெரியம்மா அதில் எழுதிப் போட்டுவிட்டார். அவர் மனதில் கள்ளமில்லை அத்தை. எந்த ஜீவனாக இருந்தால் என்ன, வலி வலிதானே என்றார்.

போன ஞாயிறு சாமியார் சீட்டை எடுத்து உருக்கமாக வாசித்தார்: "கால் நோயினால் துன்பப்படும் சகோதரர் கேப்டன் டெரன்ஸ் அவர்களுக்காக, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

அத்தை, ஆண்கள் பக்கத்திலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததே இல்லை. ஜன்னலில் இருந்த புறாக்கள் பறந்தன. சாமியார் தாளிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

பூசை முடிந்து பூ ஜாடிகளை எடுத்து வைக்க நான் பீடத்துக்குப் பின்னால் இருக்கிற சக்ரீஸ்து அறைக்குள் போனேன். சாமியார் பெரியம்மாவை நிற்க வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சாமியார் தூத்துக்குடிப் பக்கம். மெட்ராஸுக்குப் புதிது.

"யாரும்மா இந்தக் கேப்டன்? ஆங்கிலோ இந்தியரா? மிலிட்டரியில இருந்து ரிட்டையர் ஆனவரா?"

பெரியம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "இன்னும் ரிட்டையர் ஆவல சாமி" என்றார்.

"எங்க இருக்காரு?"

"கிண்டிப் பக்கம்."

"துணைக்கு ஆளுண்டா?"

"இருக்காங்க சாமி. குளிப்பாட்டி, காலைத் தேய்ச்சு விட்டு, நல்லா பாத்துக்கிறாங்க."

"ஐயோ, அவ்வளவு முடியாமலா ஆயிட்டாரு? சாப்பிடுறாரா?"

"கொள்ளு சாப்பிடுது... சாப்பிடுறாரு."

"பங்கே இவருக்காக இப்படி அழுதிருக்கு. நான் நேர்ல போய் மந்திரிச்சு எண்ணெய் பூசாம இருந்தா நான் என்ன மேய்ப்பன்?"

அப்பா உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனார். சாமியார் அவரைக் கட்டிப்பிடித்து, "பாஸ்கல், உனக்கு இடம் தெரியும்னு உன் கூட்டாளி உத்தமன் சொன்னான். வர்ற சனிக்கிழமை எனக்கு வேலை, அதுக்கடுத்த சனிக்கிழமை நீதான் என்னைக் கூட்டிட்டுப் போகணும்" என்று சொல்லிவிட்டார். அப்பா தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

இப்போது என்ன நடக்கும்? அப்பா கிண்டிக்குப் போனால் வாக்குப் போச்சு, நான் ஹாஸ்டல். போகாமல் உண்மையைச் சொன்னால் சாமியார் அம்மாவுக்கு எழுதுவார், அப்போதும் நான் ஹாஸ்டல். எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

கேப்டன் டெரன்ஸின் அம்மா பெயர் லேடி மார்கரெட். மதரிடம் சொல்லிவிடுங்கள்.

ஞானம்


திண்டிவனம்,
1-12-1987

அன்பு ஞானத்துக்கு,

இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால் நீயும் கவனமாகப் படி.

உன் அம்மா சகாயமேரியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு வருகிறாள். தேதி சொல்லவில்லை. லீவு கையெழுத்தான அன்றே கிடைக்கிற விமானத்தில் ஏறிவிடுவேன், ஆவடியில் யாரிடமும் சொல்ல வேண்டாம் அண்ணி, வீடு எப்படி இருக்கிறதோ அப்படியே பார்க்க வேண்டும் என்கிறாள். அதன் கீழே ஒரே ஒரு கேள்வி: "அவர் கிண்டியில் கால் வைத்தாரா, இல்லையா? நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதை நம்புவேன்."

ஞானம், நான் இந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு பொய் சொல்ல முடியாது. என் தம்பி என்பதற்காகவும் சொல்ல முடியாது. வைக்கவில்லை என்று நீ எழுதினால் அப்படியே சொல்வேன். வைத்தார் என்றால் ஹாஸ்டலில் உனக்கு ஒரு கட்டில் ஒதுக்கச் சொல்ல வேண்டியதுதான். ஜன்னல் ஓரக் கட்டிலாகப் பார்க்கிறேன், அதுதான் என்னால் முடிந்தது.

வரும் சனிக்கிழமை நடப்பதை நடந்தபடியே எழுது, அம்மா வருவதை மட்டும் அப்பாவிடம் சொல்லிவிடாதே.

உன் அத்தை

பின்குறிப்பு: மதர் உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சொல்கிறார், மன்றாட்டு மன்றாட்டுதானாம், சாமியார் தெரியாமல் வாசித்தாலும் செல்லுமாம். கால் எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்.


சேசு மரி சூசை

ஆவடி,
6-12-1987

அன்புள்ள அத்தைக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். கடைசி வரை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நேற்று மத்தியானம் சாமியார் வெள்ளை அங்கியோடு ஸ்கூட்டரில் வந்தார். எண்ணெய்ச் செப்பைப் பட்டுத் துணியில் சுற்றிப் பையில் வைத்திருந்தார். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டார். ஏன் என்று எனக்குத் தெரியும். தனியாகப் போனால் தன்னை நம்ப முடியாது என்று அவருக்குப் பயம். மூன்று பேரும் ஒரே ஸ்கூட்டரில் பூந்தமல்லி, ஐயப்பன்தாங்கல், போரூர் என்று போனோம். நான் நடுவில். வழி முழுவதும் சாமியார், "கேப்டனுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்குவோமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அப்பா பதில் சொல்லவில்லை. கிட்டே போகப் போக அவர் கை என் தோளை இறுக்கியது.

ரேஸ் கோர்ஸ் வாசலில் நிறுத்தச் சொன்னார். கூட்டமும் போர்டும் பார்த்து சாமியார் திகைத்து நின்றார். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, பாவசங்கீர்த்தனத்தில் நிற்பது போல நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு, ஜெபமாலை, சுண்டல், எல்லாம்.

"குதிரைக்கா நான் மன்றாடினேன்?"

"ஆமா சாமி."

"அது குதிரைன்னு கோயில்ல எல்லாருக்கும் தெரியுமா?"

"உங்களைத் தவிர எல்லாருக்கும் தெரியும் சாமி."

சாமியார் ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "நான் வந்து ஆறு மாசம் ஆச்சு. ஒரு நாள்கூட எனக்கு அவ்வளவு சத்தமாப் பதில் சொன்னதில்லையே பாஸ்கல்" என்றார்.  அடுத்த நிமிஷம் கோபம் வந்தது. "என் ஆடுகளெல்லாம் உள்ளதானே இருக்கு? ஒண்ணு விடாம ஓட்டிட்டு வர்றேன், பாரு" என்று எண்ணெய்ப் பையை அப்பா கையில் கொடுத்துவிட்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

வரவே இல்லை.

அப்பா மதில் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றார். உள்ளே கூட்டம் சத்தம் போடும். முதலில் தேனீக்கூடு மாதிரி, பிறகு மழை மாதிரி, பிறகு எல்லாம் ஒன்றாகக் கத்தும். ஒவ்வொரு முறையும் அப்பாவின் விரல்கள் துடிக்கும், கடிவாளம் பிடித்திருப்பது போல. வாசல் பத்தடியில் திறந்தே கிடந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, அத்தை. எதிரே இருந்த வேர்க்கடலை வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நெற்றி வியர்த்திருந்தது. எனக்கு அப்போது அவரைப் பார்க்கப் பாவமாகவும் பெருமையாகவும் இருந்தது. அம்மா அங்கே நின்று அதைப் பார்த்திருக்க வேண்டும்.

நேரம் ஆக ஆக சாமியாருக்கு என்ன ஆயிற்றோ என்று கவலையாகிவிட்டது. "அவருக்கு ஊர் புதுசு. எவனாவது புடிச்சுக் கலாட்டா பண்றானோ என்னவோ" என்றார் அப்பா. என்னைப் பார்த்தார். "நான் அம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். நீ குடுக்கலயே ஞானம்?"

நான் குடுக்கவில்லைதான்.

வாசலில் நின்ற ஆள் என்னைத் தடுத்தார். "ஏய் பாப்பா, எங்க போறே? சின்னப் பசங்கள உள்ள உட மாட்டாங்கோ."

"சாமியாரைக் கூப்பிட வந்தேன் அண்ணா."

"வெள்ள அங்கி போட்டுகினு ஒர்த்தரு வந்தாரே, அவரா? அதோ பார், கம்பிய புடிச்சிகினு கத்திகினு கீறாரு. சீக்கிரம் இட்டுகினு போ, தொண்ட கட்டிகப் போவுது."

சாமியார் கம்பியோரம் நின்றிருந்தார். ஒரு பக்கம் லூர்தம்மாள் பெரியம்மா, மறு பக்கம் ராயப்பன் சார், பின்னால் உத்தமன் அண்ணன். கேப்டன் டெரன்ஸுக்குக் கால் சரியாகி அந்த ரேஸில் ஓடுகிறதாம். நான், "சாமி, அப்பா கூப்பிடுறார்" என்றேன். "ஒரு நிமிஷம் மகளே" என்று என்னைத் தூக்கிக் கம்பியின் கீழ்ப்படியில் நிறுத்திவிட்டார்.

அத்தை, முதலில் ஒன்றுமே தெரியவில்லை. தூரத்தில் கலர் கலராக ஒரு கோடு, தோரணம் காற்றில் நகர்வது போல. சத்தமே இல்லை. பிறகு சத்தம் காதில் வரவில்லை, காலில் வந்தது. நான் நின்ற கம்பி நடுங்கியது. வளைவில் கோடு உடைந்து குதிரைகளாக ஆனது. உள்பக்கம் மூன்று குதிரைகள் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு வழிவிடாமல் ஓடின. நீலச் சட்டை போட்ட ஜாக்கி மட்டும் தன் கறுப்புக் குதிரையைப் பொறுமையாக வெளிப்பக்கம் இழுத்தான், சுற்று வழிதான், ஆனால் அங்கே யாரும் இல்லை. பிறகு அவன் அதன் கழுத்தில் படுத்துக்கொண்டான். ஈரத் துணியைக் கல்லில் அறைவது போலக் குளம்படி. அவை எங்களைக் கடந்தபோது மூச்சு கேட்டது, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மூச்சு. ஒரு மண்கட்டி பறந்து வந்து சாமியாரின் அங்கியில் ஒட்டிக்கொண்டது. நான் என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. கத்தினேன்.

கறுப்புக் குதிரை முதலாவதாக வந்தது. கேப்டன் டெரன்ஸ் கடைசிக்கு முந்தியதாக வந்தது. வேறு ஏதோ யோசித்துக்கொண்டு ஓடியது போல இருந்தது. பெரியம்மா அழ ஆரம்பித்தார். சாமியார், "ஏன் அழுறீங்க? நாம காலுக்குத்தானே மன்றாடினோம்? கால் நல்லாத்தான் இருக்கு. ஜெயிக்கணும்னு யாரும் சீட்டுல எழுதலையே" என்று ஆறுதல் சொன்னார்.

எல்லோரும் வெளியே வந்தோம். அப்பா அதே இடத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, ஒருவருக்கும் சொல்லத் தெரியாது என்று அவருக்குத் தெரியும். நான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். மேலே எழுதினேனே, அதையேதான், இன்னும் நீளமாக. கோடு, கம்பி நடுங்கியது, நீலச் சட்டைக்காரன் வெளிப்பக்கம் இழுத்தது, மூச்சு. அப்பா வேர்க்கடலை வண்டி பக்கத்திலேயே கண்ணை மூடிக்கொண்டார். நடுவில் ஒரு தடவைதான் பேசினார், "எந்தக் கம்பத்துகிட்ட இழுத்தான்?" என்று. நான் சொன்னேன். நான் முடித்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. கண்ணோரத்தில் தண்ணீர் இருந்தது. உத்தமன் அண்ணன், "இன்னா பாஸ்கலு, ஊட்லயே ஆள வச்சிகினு எங்கள எதுக்கு மாமே அலைய உட்ட?" என்றார்.

திரும்பும்போது சாமியார், ஜெபமாலை நடக்கட்டும், ஆனால் குதிரைப் பேச்சு மாதாவை அடுத்த வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போரூர் தாண்டி, "அந்த லேடி மார்கரெட்டுக்கு வேற குட்டி உண்டா பாஸ்கல்?" என்று கேட்டார்.

ஆகவே அத்தை, உங்கள் கேள்விக்குப் பதில். அப்பா கிண்டி ரேஸ் கோர்ஸுக்குள் கால் வைக்கவில்லை. நான் சாட்சி. அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வது முழு உண்மைதான்.

ஆனால் என்னைப் பற்றி நீங்கள் மறைத்தால் அது பொய்யாகிவிடும். அதனால் என் விஷயத்தை அம்மாவிடம் நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். சாமியாரைக் கூப்பிடத்தான் போனேன் என்று சொன்னால் தப்பித்துவிடலாம். ஆனால் கூப்பிட்ட பிறகு நான் திரும்பி வரவில்லையே, கம்பி மேல் நின்றேனே. நேற்று ராத்திரி முழுவதும் எனக்குத் தூக்கம் வரவில்லை. படுத்தால் கட்டில் கால் நடுங்குவது போலவே இருக்கிறது. அப்பாவிடம் வாங்கிய மாதிரி என்னிடமும் அம்மா பைபிளை நீட்டுவார்கள். அப்பா பெரியவர், அவரால் வாசல் திறந்திருந்தும் வெளியே நிற்க முடிந்தது. என்னால் முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. முடியாது என்றுதான் நினைக்கிறேன். முடியாததை எப்படிச் சத்தியம் பண்ணுவது? அம்மா என்ன சொன்னாலும் சொல்லட்டும், ஹாஸ்டல் என்றால் ஹாஸ்டல், ஆனால் சனிக்கிழமை சாயந்திரம் அப்பாவுக்கு யார்

அத்தை, வெளியே டாக்ஸி வந்து நிற்கிறது. யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பா எழுந்து போகிறார். பெட்டியைக் கீழே வைக்கும் சத்தம். "ஞானம் தூங்கிட்டாளா?" என்று அம்மா கேட்கிறார்கள். சமையலறைப் பக்கம்தான் வரு